சாவியும் அமானிதமும்

பூட்டிய பொருள் யாருக்குரியது? சாவியைக் கையில் வைத்திருப்பவருக்கா, பொருளின் சொந்தக்காரருக்கா? இருவரும் ஒருவராகவே இருக்கும்வரை இக்கேள்வி எழுவதில்லை. சாவி தொலைந்த அன்றுதான் எழுகிறது.

திருவண்ணாமலை போன்ற ஊர்களில் இக்கேள்வி அடிக்கடி எழும். பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் மலைவலம் வருவதற்கென வெளியூர்களிலிருந்து வாகனங்கள் வந்து குவிகின்றன. கூட்ட நெரிசலில் சாவியைத் தவறவிட்டவர் தேடிச் செல்வது, வீதியோரத்தில் அரமும் வெற்றுச் சாவிகளுமாக அமர்ந்திருக்கும் தொழிலாளியைத்தான். இக்காலத்து வாகனங்கள் பலவற்றுக்கு மின்னணுச் சாவி வேண்டும். பழைய அம்பாஸிடர் காருக்கோ அந்த அரமே போதும்.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி, வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை செய்யப்பட்ட வண்டி அது. அதுபோன்ற பழைய கார்களைப் போற்றி வைத்திருப்போர் கதவுப் பூட்டுக்குச் சாவி தேடி அலைவதுண்டு. அக்காலத்து ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் சாவியின் எண்ணைச் சாவியில் மட்டுமின்றிப் பூட்டின் முகப்பிலும் பொறித்திருந்தார்கள். தொலைத்தவர் எண்ணைச் சொல்லி வேறு சாவி பெறலாம் என்பது அதன் வசதி. ஆனால் அதே எண்ணை வழிப்போக்கனும் படிக்கலாம் அல்லவா? எண் அழிந்து போயிருந்தாலோ, பூட்டின் உருளையைக் கழற்றி, அதனுள் இருக்கும் சிறு தகடுகள் உருளையோடு சமமாகப் படியும்வரை வெற்றுச் சாவியை அராவுவார்கள். ஆக, கைத்திறன் வாய்த்த எவரிடமும் பூட்டு தன் இரகசியத்தைச் சொல்லிவிடுகிறது. அதற்குப் பின் எஞ்சியிருக்கும் காவல் அத்தொழிலாளியின் மனச்சாட்சி ஒன்றே.

அறிமுகமில்லாத ஒருவர் பதறி வந்து, "என் காருக்குச் சாவி செய்து கொடுங்கள்" என்கிறார். தொழிலாளி என்ன செய்வது?

"கூலிக்கு வேலை, விசாரிப்பது என் பொறுப்பன்று" என்பது ஒரு பதில். பாவத்துக்கும் வரம்பு மீறுதலுக்கும் துணை போவதைத் திருமறை தடுத்திருக்கிறது. கண்ணை மூடிக்கொள்வதால் அத்துணை நீங்கிவிடாது. "தெரியாதவருக்குச் செய்யமாட்டேன்" என்பது மற்றொரு பதில். குடும்பத்தோடு நடுவழியில் நிற்கும் பயணியைக் கைவிடுவதும் அறமாகாது.

உரிமை கொண்டாடுகிறவரே சான்று தரவேண்டும் என்பது நம் சட்ட நூல்களின் அடிப்படை. கண்டெடுத்த பொருளைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியபோது, அப்பொருள் இருந்த பையையும் அதைக் கட்டிய கயிற்றையும் அறிந்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். உரியவர் அடையாளம் சொல்லிப் பெறுவதற்கு அது வழி. ஆனால் பூட்டின் முகத்திலேயே எழுதியிருக்கும் எண் எப்படி அடையாளமாகும்? பதிவுப் புத்தகமோ பெரும்பாலும் காருக்குள்ளேயே இருக்கும். சான்றைக் காட்டினால்தான் திறக்கலாம். திறந்தால்தான் சான்றைக் காட்டலாம்!

இந்தச் சிக்கலுக்கு வழி இல்லாமலில்லை. அக்கம்பக்கத்தார் இருவரைச் சாட்சியாக நிறுத்திக் கதவைத் திறக்கட்டும். முதலில் பதிவுப் புத்தகம் வெளியே வரட்டும். அதிலுள்ள பெயரை வந்தவரின் ஓட்டுநர் உரிமத்தோடு ஒப்பிடட்டும். அவர் ஓட்டுநர் மட்டுமே என்றால் சொந்தக்காரரோடு தொலைபேசியில் பேசட்டும். அதுவரை புதிய சாவி தொழிலாளியின் கையிலேயே இருக்கட்டும். கதவைத் திறப்பது உதவி. சாவியைக் கொடுப்பது உரிமையைக் கொடுப்பது. முன்னதற்கு இரக்கம் போதும். பின்னதற்கு உறுதி வேண்டும். விசாரணையைக் கண்டு நேர்மையானவர் மனம் புண்படத் தேவையில்லை. நாளை அவருடைய காருக்கே வேறொருவன் சாவி கேட்டு வரும்போது, அவரைக் காக்கப்போவது அந்த விசாரணைதான்.

அரபியில் திறவுகோலுக்கு மிஃப்தாஹ் என்று பெயர். வெற்றியைக் குறிக்கும் ஃபத்ஹ் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்தது. ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு, மக்கா வெற்றி நாளில், கஃபாவின் சாவி நபிகள் நாயகத்தின் (ஸல்) கைக்கு வந்தது. அதைத் தம்மிடம் தரும்படி அவர்களுடைய நெருங்கிய உறவினர் வேண்டியதாகச் சரித்திர ஆசிரியர்கள் எழுதுகின்றனர். நபிகளாரோ, வழிவழியாக அதை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த உத்மான் இப்னு தல்ஹாவிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கக் கட்டளையிடும் அந்நிஸா அத்தியாயத்தின் 58-ஆம் வசனத்தை இந்நிகழ்ச்சியோடு விரிவுரையாளர்கள் இணைத்துக் கூறுகின்றனர். அக்குலத்தாரிடமே இன்றும் அச்சாவி இருந்து வருகிறது. நகரமே வசமான நாளில், ஒரு சாவியைத் தம் வசம் வைத்துக்கொள்ளும் வல்லமை இருந்தும் அதை உரிமையாக அவர்கள் கருதவில்லை.

சாவி செய்கிறவருக்கு மட்டுமா இப்பாடம்? பழைய காரை விற்றவர், வாடகை வீட்டைக் காலி செய்தவர், வேலையை விட்டு விலகியவர் ஆகியோரின் மேசை அறைகளிலும் மறு சாவிகள் கிடக்கின்றன. திருடும் எண்ணம் அவர்களுக்கு இல்லை என்பது உண்மையே. ஆயினும் அப்பொருள் கைமாறிய நாளிலேயே அச்சாவியும் பிறருடையதாகிவிட்டது. நம் வீட்டு மேசை அறையை இன்றே ஒருமுறை திறந்து பார்ப்போமாக.