விடியுமட்டும் மீதி வைக்காத பந்தி

சமாரியர் என்றதும் நல்ல சமாரியனும் கிணற்றடி ஸ்திரீயும் ஞாபகத்துக்கு வருவாங்க. ஆனால் அந்த ஜனங்கள் இன்றைக்கும் இருக்கிறாங்க! சுமார் நூறு வருஷத்துக்கு முன் ஏறக்குறைய 150 பேராகக் குறைந்துபோன கூட்டம், இன்றைக்கு 800 பேருக்கு மேல். கெரிசீம் மலையிலும், டெல் அவிவ் பக்கத்து ஹோலோனிலும் வாழ்கிறார்கள்.

பஸ்காவுக்கு எல்லாரும் அந்த மலையில் கூடுவாங்க. சாயங்காலம் ஆடுகளை அடித்து, எலும்பு முறியாமல் முழுசாகக் கழியில் கோர்த்து, ஆழமான நெருப்புக் குழியில் இறக்கி வாயை மூடிவிடுவார்கள். வேகவைக்கிற பேச்சே இல்லை! நடுராத்திரியில் புளிப்பில்லா அப்பத்தோடும் கசப்பான கீரையோடும் தீவிரமாய்ப் புசிப்பார்கள். மிஞ்சினது விடியுமுன் அக்கினிக்கு. யாத்திராகமம் 12-ஐ எடுத்து வாசித்துப் பாருங்கள், அப்படியே இருக்கும்.

இத்தனை சிறிய கூட்டத்தில் இது எப்படி அழியாமல் நின்றது? தகப்பன் பிள்ளையைப் பந்தியில் உட்கார வைத்தான். அதனால்தான்!

பிரியமானவர்களே, இந்த ஆராதனையின் கருத்து என்ன என்று பிள்ளைகள் கேட்கும்போது சொல்லவேண்டும் என்பதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது (12:26, 27). நம்ம பஸ்காவாகிய கிறிஸ்து பலியானாரே! திருவிருந்து அன்றைக்கு உங்க பிள்ளை, "அப்பா, இது என்னத்துக்கு?" என்று கேட்டால் பதில் இருக்கிறதா? இல்லை, "சும்மா இரு" என்று அதட்டுகிறோமா? இன்று ராத்திரியே சாப்பாட்டு வேளையில் சொல்லுங்கள். விடியுமட்டும் மீதி வைக்காதிருங்கள். ஆமென்!