போவது எச்சம், வருவது முற்று

தமிழக-கேரள எல்லையிலுள்ள குமுளி சோதனைச்சாவடியை நோக்கி மாலையில் ஏலத்தோட்டத்து ஜீப்புகள் வரிசையாக வரும். விடியலில் கம்பம், கூடலூர் பக்கமிருந்து மலையேறிய பெண்கள் ஊர் திரும்பும் நேரம். “போயிட்டு வாரேன்” என்று தமிழில் ஒரு குரல். “போயிட்டு வராம்” என்றோ, சுருக்கமாக “போட்டே” என்றோ மலையாளத்தில் இன்னொன்று. செய்தி ஒன்றுதான்: ஆள் கிளம்புகிறார். ஆனால் வாசலில் நின்று ஒருவர் “போறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டால், வீட்டிலுள்ள பெரியவர்கள் “போயிட்டு வாரேன்னு சொல்லு” என்று திருத்தாமல் விடமாட்டார்கள். இதைச் சகுன பயம் என்று ஒதுக்குவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாளையின்மேல் மனிதனுக்கு என்ன உரிமை என்ற பழைய கேள்விக்கு இந்தத் திருத்தத்தில் ஒரு விடை இருக்கிறது.

பவணந்தியாரின் நன்னூல் தகுதி வழக்கில் மங்கலம் என்று ஒரு வகை சொல்கிறது. செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும், விளக்கை அணைக்கச் சொல்லாமல் குளிரவைக்கச் சொல்வதும் அதற்குப் பள்ளிக்கூடம் வரை வந்துவிட்ட உதாரணங்கள். “போய் வருகிறேன்” என்பதையும் அதே பட்டியலில் போட்டுவிடத் தோன்றும். பொருந்தாது. குளிரவைத்த விளக்கும் அணைத்த விளக்கும் ஒன்றே. மாறியது பெயர் மட்டும். இங்கேயோ இன்னும் நடக்காத ஒரு செயலே வாக்கியத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது, அதுவும் நடுவீட்டில். “போய்” என்பது வினையெச்சம்; தனியாக நிற்காது, முடித்துவைக்க வேறொரு வினை வேண்டும். “வருகிறேன்” வினைமுற்று. கண்ணெதிரே நடக்கிற போதல் எச்சமாகவும், நடக்காத வருதல் முற்றாகவும் ஆகிவிடுகின்றன.

அப்படியானால் இது பொய்யல்லவா, அல்லது அகந்தையல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாளை இதைச் செய்வேன் என்று சொல்லும்போது இறைவன் நாடினால் என்பதையும் சேர்க்கும்படி குர்ஆனின் ‘குகை’ அத்தியாயம் கட்டளையிடுகிறது. நாளைய வியாபாரத்தைப் பற்றி உறுதியாகப் பேசுகிறவர்களை யாக்கோபு நிருபத்தின் நான்காம் அதிகாரமும் அப்படியே கண்டிக்கிறது. தமிழ் வாக்கியத்தில் அந்த நிபந்தனை இல்லை. போதாக்குறைக்கு, எதிர்காலத்தை நிகழ்காலமாகச் சொல்வது தெளிவைக் காட்டும் என்று நன்னூலே இடம் தருகிறது. ஆனால் சொல்லின் பொருளை வழக்கில்தான் பார்க்க வேண்டும். “நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன்” என்று சொல்லிவிட்டு வராதவரிடம் சண்டை போடுவோம். “போய் வருகிறேன்” என்று கிளம்பி மலைப்பாதை விபத்தில் இறந்தவரைச் சொல் தவறியவர் என்று எவரும் சொல்வதில்லை. வினைமுற்று ஒன்றேதான், முதலாவது வாக்கு, இரண்டாவது விருப்பம். குமுளிக்கு மேலே, 1,300 மீட்டருக்கும் அதிக உயரத்தில் சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் பக்தர்கள் ஏறும் மங்கலதேவி கோயிலின் கண்ணகி கதையே இதற்குச் சாட்சி. சிலம்பை விற்கக் கிளம்பும் கோவலன், போய் விற்று வருவதாகவும் மயங்க வேண்டாமென்றும்தான் சொல்லிப் போகிறான். வரவில்லை. பாண்டியன் அவையில் கண்ணகி தொடுத்த வழக்கு அரசன் நீதி தவறியதைப் பற்றியது, கணவன் சொல் தவறியதைப் பற்றியதல்ல. அவளோ மதுரையின் மேற்கு வாயிலால் வெளியேறும்போது வருவதைப் பற்றிப் பேசவே இல்லை.

பக்கத்து வீட்டு மலையாளி “போட்டே” என்று, போவதை மட்டும் சொல்லிக் கிளம்புகிறாரே, அவருக்கு என்ன கெட்டுவிட்டது என்பது அடுத்த கேள்வி. எதுவும் கெடவில்லை. அந்தச் சொல்லின் விகுதியைக் கவனிக்க வேண்டும். அது “போகிறேன்” அல்ல, “போகட்டுமா”. இருக்கிறவர் தலையசைத்தால்தான் போவது முழுமையாகும். தமிழ் வருகையைத் துணைக்கு அழைக்கிறது, மலையாளத்தின் இந்தச் சொல் அனுமதியை. ‘நான் போகிறேன், அவ்வளவுதான்’ என்று தன்னிச்சையாகப் பிரிவதை இரண்டுமே ஏற்கவில்லை. இறைவன் நாடினால் என்று சேர்ப்பவரும் இதைத்தான் செய்கிறார். கடிவாளத்தைத் தன் கையில் மட்டும் வைத்துக்கொள்வதில்லை.

கடைசியாக, இவ்வளவு யோசித்து யார் சொல்கிறார்கள், வாய்ப்பழக்கம்தானே என்பார்கள். பழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் பொருள் செத்துப்போன சொல்லை எங்கு வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். இதைச் சொல்ல முடியாத இடம் ஒன்று உண்டு. துக்கம் கேட்கப் போன வீட்டில், திண்ணையில் போட்ட பெஞ்சிலிருந்து எழுந்தவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொள்வார், வீட்டுக்காரர் கையை ஒருமுறை தொடுவார், யாரிடமும் எதுவும் சொல்லாமல் தெருவில் இறங்கிவிடுவார். வாய் தவறி அங்கே “வாரேன்” என்றுவிட்டால், கூட வந்தவர் முழங்கையால் இடிப்பார்.