மஞ்சள் கடுதாசியும் மானமும்

ஒருவர் கடனில் மூழ்கிவிட்டால் நம் ஊரில் "மஞ்சள் கடுதாசி கொடுத்துட்டார்" என்பார்கள். கோர்ட் விவரம் தெரிந்தவர்கள் "ஐ.பி. போட்டுட்டார்", அதாவது திவால் மனு கொடுத்துவிட்டார், என்பார்கள். எப்படிச் சொன்னாலும் இழவு வீட்டில் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அந்தத் தாழ்ந்த குரலுக்குப் பயந்து கணக்கை மறைத்தே பல குடும்பங்கள் அழிந்திருக்கின்றன.

2000இல் டைடல் பார்க் திறந்தபின் தரமணியில் குடியேறிய இளம் குடும்பங்கள் ஏராளம். தாத்தா பாட்டி ஊரில். அப்பாவும் அம்மாவும் வேலையில். குழந்தை டே கேரில். அப்படி ஒரு வீட்டை மனத்தில் வைத்துக் கணக்குப் போடுவோம். கணவனுக்குச் சம்பளம் 42,000 ரூபாய், மனைவிக்கு 30,000. வாடகை 18,000, டே கேர் 10,000, கடன் தவணைகள் 28,000. மிச்சம் 16,000 ரூபாயில் அரிசி, பால், பஸ், மருந்து, கரண்ட் பில் எல்லாம். குழந்தைக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் போதும், கிரெடிட் கார்டு வெளியே வரும்.

அப்போது வீட்டுப் பெரியவர்கள் தவறாமல் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: "டே கேருக்குக் கொடுக்கிற பணத்துக்கு நீ வேலைக்கே போக வேண்டாமே அம்மா." கணக்கு என்ன சொல்கிறது? அவள் வேலையை விட்டால் மிச்சமாவது 10,000, போவது 30,000. கணவனின் 42,000 ரூபாயில் வாடகையும் தவணையும் சேர்ந்த 46,000 அடங்காது. அரிசி வாங்கும் முன்பே 4,000 ரூபாய் துண்டு விழும். அதைவிட முக்கியம், டே கேர் கட்டணத்தைத் தாயின் சம்பளத்திலிருந்து மட்டும் கழிப்பது நியாயமே அல்ல. குழந்தை இருவருக்கும் பிறந்தது. செலவும் இரு சம்பளத்துக்கும் உரியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டது. அதைக் கேட்டு வாங்குவதில் கூச்சம் வேண்டாம். பக்கத்து அங்கன்வாடியை "நமக்கில்லை" என்று ஒதுக்கவும் வேண்டாம்.

குடும்பத்தைச் சாய்ப்பது பெரும்பாலும் குழந்தையின் செலவு அல்ல, அந்தச் செலவை மூடி மறைக்க வாங்கிய வட்டி. கிரெடிட் கார்டில் ஒரு லட்சம் பாக்கி, மாதம் மூன்றரை வட்டி என்று வையுங்கள். வட்டி 3,500, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 630. "மினிமம் டியூ" என்று 5,000 கட்டினால் அசலில் குறைவது 870 ரூபாய். கட்டிவிட்டோம் என்ற நிம்மதியோடு தூங்குகிறோம், கடன் தூங்குவதில்லை. பிறகு ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், நகையை மீட்டு மறுபடி அடகு, செல்போன் செயலியில் அவசரக் கடன், கடைசியில் கந்துவட்டி. ஒவ்வொரு படியும் மனைவிக்குத் தெரியாமல், அல்லது கணவனுக்குத் தெரியாமல்.

அந்த இருட்டு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழகம் பார்த்திருக்கிறது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டி நெருக்கடியில் ஒரு தம்பதியும் இரண்டு சின்னஞ்சிறு மகள்களும் தீயில் மாண்டார்கள். எந்தக் கடனும் ஓர் உயிருக்கு ஈடாகாது. மனம் அந்தப் பக்கம் சாயும் இரவில் 104க்கு அழையுங்கள்; பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள்.

சட்டம் நாம் பயப்படும் அளவுக்குக் கொடியதல்ல. நேர்மையாக இருந்தும் கட்ட முடியாத ஏழையை, கடனுக்காக மட்டும் சிறையில் தள்ளக் கூடாது என்று 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதினார். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி, கடன் வழக்கில் சம்பளத்தை ஜப்தி செய்தாலும் முதல் ஆயிரம் ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. 42,000 சம்பளக்காரரிடம் எடுக்கக்கூடியது சுமார் 13,700 ரூபாய்தான். குடும்பம் சாப்பிட வேண்டும் என்று கோர்ட்டே ஒதுக்கி வைப்பதை, நாம் பயத்தில் தவணைக்குக் கொட்டுகிறோம். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் அறிவுறுத்தியது.

எல்லா வழியும் அடைபட்டால் திவால் மனு இருக்கிறது. சென்னை நகருக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டம். 2016இன் புதிய திவால் சட்டத்தில் தனிமனிதருக்கான பகுதி, நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்கள் விஷயத்தில் மட்டுமே 2019 டிசம்பர் முதல் அமலில் உள்ளது. மனு ஏற்கப்பட்டால் சொத்து கோர்ட் அதிகாரியின் கைக்குப் போகும். வீட்டுக் கடன் கொடுத்த வங்கியின் உரிமை அப்படியே நிற்கும். உங்களுக்காக ஜாமீன் போட்ட மைத்துனரின் கழுத்திலிருந்து கயிறு அவிழாது. ஆகவே இது எளிய வழியல்ல. ஆனால் குற்றமும் அல்ல.

எதை ஏற்காது என்பதிலும் 1909 சட்டம் தெளிவாக இருக்கிறது. திவாலாவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் வீட்டை மனைவி பேரிலோ தம்பி பேரிலோ சும்மா எழுதிவைத்திருந்தால் அது செல்லாது. மோசடியால் வந்த கடனுக்கு விடுதலை கிடையாது. இல்லாதவனைச் சட்டம் மன்னிக்கிறது, ஒளிப்பவனை மன்னிப்பதில்லை. மானம் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இலக்கணம் இல்லை.

மனுப் போடுகிறவரிடம் கோர்ட் முதலில் கேட்பது ஒரு பட்டியல்: யாருக்கு எவ்வளவு தர வேண்டும், கையில் என்ன இருக்கிறது, வருமானம் என்ன. அதே பட்டியலை, அந்த நிலைக்குப் போகும் முன்பே, குழந்தை தூங்கியபின் இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் போடுங்கள். மாமாவிடம் வாங்கிய கைமாற்றையும் விடாதீர்கள். வாடகை, சாப்பாடு, குழந்தை ஆகியவற்றுக்கு முதலில் ஒதுக்குங்கள். மீதியில் வட்டி அதிகமுள்ள கடனை முதலில் அடையுங்கள். மறுஅடகில் சுற்றும் நகையை விற்றுவிடுங்கள். தவணையைக் குறைத்துத் தரச் சொல்லி வங்கிக்கு எழுத்தில் கேளுங்கள். வழக்கென்று வந்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச உதவி உண்டு, எண் 15100.

அந்தத் தாளை எழுதும்போது கை நடுங்கும். எழுதி முடித்தபின் இருவரில் ஒருவருக்குத் தெரியாத கடன் என்று வீட்டில் ஒன்றும் இருக்காது. மஞ்சள் கடுதாசி தேவைப்பட்டாலும் சரி, தேவைப்படாமல் போனாலும் சரி, குரலைத் தாழ்த்தாமல் பேசலாம்.