மணியும் மறுமொழியும்

அபாயத்தில் சிக்கியவன் கூவி அழைப்பதற்கு ஒரு கருவியை அமைத்துக் கொடுத்துவிட்டால் நம் கடமை தீர்ந்துவிடுமா? அன்றி, அக்கூவலைக் கேட்டு மறுமொழி கூற ஓர் ஆளையும் அமர்த்தினால்தான் தீருமா? பார்வைக்கு இது சிறிய கேள்வி. ஆயினும், அடுக்கு மாடிகளிலே வாழவும் வாணிபம் செய்யவும் பழகிவிட்ட நாம், நாள்தோறும் இக்கேள்வியின் விடையை நம்பியே ஏறி இறங்குகிறோம்.

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். கீழ்த்தளத்திலே துணிக்கடைகளும் நகைக்கடைகளும். மேல்மாடிகளிலே தையற்கூடங்களும் அலுவலகங்களும் குடியிருப்புகளும். துணிமூட்டை சுமக்கும் தொழிலாளியும், முழங்கால் நோவுற்ற மூதாட்டியும், பள்ளிவிட்டு வரும் சிறுவனும் லிப்டு என்னும் மின்தூக்கியையே நம்பியிருக்கின்றனர். படியில் நிற்பவன் விரும்பினால் இறங்கிவிடலாம். மின்தூக்கியின் கதவு மூடிய கணமே உள்ளிருப்பவன் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ளும் ஆற்றலை இழந்துவிடுகிறான். பிறனுடைய சுதந்திரத்தைச் சிறிது நேரத்திற்கேனும் தன் கையில் வாங்கிக்கொள்பவன், அவன் அழைத்தால் பதில் சொல்லும் பொறுப்பையும் உடன் வாங்கிக்கொள்கிறான். இதுவே யான் இங்கு நிலைநாட்ட விரும்பும் நியாயம்.

1854ஆம் ஆண்டில் நியூயார்க் கண்காட்சியொன்றில் எலிஷா ஓட்டிஸ் என்பவர் உயரத் தூக்கப்பட்ட மேடையொன்றின்மீது நின்றுகொண்டு, அதைத் தாங்கிய கயிற்றை அறுக்கச் செய்தார். மேடை விழவில்லை, அவர் அமைத்த தடைக்கருவி அதைப் பற்றிக்கொண்டது. விழுந்து சாவோமோ என்னும் அச்சம் அன்று பெரிதும் நீங்கிற்று. ஆனால் அதே நாளில் வேறொரு துன்பம் பிறந்தது என்பதை உலகம் உடனே உணரவில்லை. விழாமல் பிடித்துக்கொள்ளும் பெட்டி, உள்ளிருப்பவனையும் பிடித்து வைத்துக்கொள்ளும் அல்லவா? இயந்திரம் தன் கடமையைச் செய்துவிட்டது. எஞ்சியது மனிதனுடைய கடமை.

அக்கடமை தவறினால் என்ன நேரும் என்பதற்கும் அதே நியூயார்க்கே சான்று. 1999 அக்டோபரில், ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அலுவலர் ஒருவர் பெருங்கட்டடமொன்றின் மின்தூக்கியில் அகப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை வரை ஏறத்தாழ 41 மணி நேரம் அதனுள்ளே கிடந்தார். அவர் அழுத்த அபாய மணி இருந்தது. அவரைப் படம் பிடித்துக் காவலறைக்கு அனுப்பும் கேமராவும் இருந்தது. இரண்டும் பழுதின்றி வேலை செய்தன. கேட்பாரும் பார்ப்பாரும் இல்லை. கருவியின் குறை என்று இதைச் சொல்ல எவருக்கு நாவெழும்?

"மின்தூக்கி நின்றால் உயிரா போய்விடும்? உள்ளே காற்று உண்டு, சற்றுப் பொறுத்தால் ஆள் வருவான்" என்பர் சிலர். உண்மைதான். அசையாது உள்ளேயே இருப்பவனுக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. அச்சத்தால் கதவை நெம்பித் திறந்து, இரு தளங்களுக்கிடையே குதித்து வெளியேற முயல்பவனுக்கே மரணம் காத்திருக்கிறது. ஆகவே, "ஐயா, பொறுத்திருங்கள், ஆள் புறப்பட்டுவிட்டான்" என்னும் சில சொற்கள் வெறும் ஆறுதல் அல்ல. மீட்பவன் வந்து சேருமுன்னரே அக்குரல் உயிரைக் காத்துவிடுகிறது.

"இக்காலத்தில் எவன் கையில் கைப்பேசி இல்லை?" என்பர் வேறு சிலர். இரும்புப் பெட்டிக்குள் அலைகள் குன்றிப் போவதுண்டு. முதியவரிடத்தும் சிறுவரிடத்தும் கைப்பேசி இல்லாமலும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எவரை அழைப்பது என்று அகப்பட்டவனே தேடிக்கொள்ளட்டும் எனல், கடன்பட்டவன் தன் கடனைக் கடன் கொடுத்தவன் தலையிலேயே சுமத்துவது போலாகும்.

யான் தோட்டத்துக் கிராணி. பெரட்டுக் களத்தில் பெயரைக் கூப்பிடுவதும், அதற்குத் தொழிலாளி குரல் கொடுப்பதும் எமக்கு அன்றாட வழக்கம். குரல் கொடாதவனுக்கு அன்றைய கூலி இல்லை. மேலிருப்பவன் அழைத்தால் கீழிருப்பவன் பதில் சொல்லியே தீரவேண்டும் என்பதில் நம் சமூகம் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது. கீழிருப்பவன் அழைத்தால் மேலிருப்பவன் பதில் சொல்லவேண்டும் என்பதில் மட்டும் ஏன் இத்துணைத் தளர்ச்சி?

ஐரோப்பிய நாடுகள் இதை ஓரளவு உணர்ந்திருக்கின்றன. அங்கு 1995ஆம் ஆண்டின் மின்தூக்கி ஆணையே, உள்ளிருப்பவன் மீட்புப் பணியாளருடன் எந்நேரமும் இருவழியாகப் பேச வசதி வேண்டுமென்றது. அதையொட்டி எழுந்த நியமமோ, மூன்று நாளைக்கு ஒருமுறையேனும் கருவி தானே அழைத்துத் தன்னைச் சோதித்துக்கொள்ளவேண்டும் என்றும், மின்சாரம் நின்றாலும் ஒரு மணி நேரம் இயங்கவேண்டும் என்றும் விதிக்கிறது. அழைப்புச் சென்றால் மஞ்சள் விளக்கு; அழைப்பு ஏற்கப்பட்டால் பச்சை விளக்கு. செவிப்புலன் அற்றவனும் 'நம்மைக் கேட்டுவிட்டார்கள்' என்று கண்ணாலேயே அறிந்து தேறுவான். அப்பச்சை விளக்கு ஒரு மனிதன் மற்றொரு மனிதனுக்குக் கொடுக்கும் வாக்குறுதி.

நம் நாட்டில், 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் நெடுங்காலம் மின்தூக்கிகளை ஆண்டுவந்தது. 2024 ஜூன் முதல் நாளில் அது நீக்கப்பட்டு, தொழிலியல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அப்பொறுப்பு வந்துள்ளது. அரசாங்க இலாகா சோதிக்கிறது, சான்றிதழ் வழங்குகிறது. நன்று. ஆனால் சோதனை நாளில் ஒலித்த மணிக்கு நள்ளிரவில் விழித்திருந்து செவி கொடுப்பவன் எவன் என்பதைச் சான்றிதழ் எவ்வாறு உறுதிப்படுத்தும்? மேலும் காலம் மாறுகிறது. 2021ஆம் ஆண்டின் இறுதியோடு இந்நாட்டில் மூன்றாம் தலைமுறைக் கைப்பேசி வலை நிறுத்தப்பட்டது. அதை நம்பியிருந்த எந்தக் கருவியும், மாற்றப்படாவிட்டால், அன்றே ஊமையாகியிருக்கும். சுவரிலே பொத்தான் பளபளப்பாகவே இருக்கும். அழுத்துகிறவன் மட்டுமே உண்மையை அறிவான். இல்லாத உதவியை இருப்பதாகக் காட்டும் பொத்தான், பொத்தானே இல்லாமையினும் கொடிது. முன்னது ஏமாற்று, பின்னது குறை.

இம்மஸ்ஜித் இந்தியா வீதியிலேதான் 2024 ஆகஸ்டு 23ஆம் நாள் நிலம் திடீரென உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெண்மணியை விழுங்கிற்று. குரலே எழாத அவ்வொருவருக்காக மீட்புப் படையினர் ஒன்பது நாட்கள் இரவு பகலாகத் தேடினர். அவர் கிடைக்கவில்லை, எனினும் தேடியவர்களின் உழைப்பு மக்களின் நெஞ்சைத் தொட்டது. கேளாத குரலுக்கு அவ்வளவு பாடுபடத் தெரிந்த நாம், கேட்கக்கூடிய குரலுக்குச் செவி கொடாதிருப்பது எங்ஙனம் தகும்?

பரிகாரம் தொலைவில் இல்லை. 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி கட்டடத்தைப் பேணும் செலவு உரிமையாளரைச் சேர்ந்தது. ஆண்டுக் கூட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. அக்கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள்: சென்ற மாதம் மின்தூக்கியின் அழைப்பைச் சோதித்தது யார்? எந்த நேரத்தில்? பதில் சொன்னவர் பெயர் என்ன? மலாயும் ஆங்கிலமும் அறியாத தமிழ் மூதாட்டியோ வங்காளத் தொழிலாளியோ அழைத்தால் எம்மொழியில் பதில் கிடைக்கும்? இந்நான்கிற்கும் விடை கிடைக்கும்வரை அமராதீர்கள். உரிமையாளர் அல்லாத வாடகைக் குடியினரும் கடை ஊழியரும் அக்கூட்டத்தில் பேச இயலாது. அவர்களுக்காகவும் நீங்களே பேசவேண்டும். பெட்டிக்குள் அகப்படுவோரில் அவர்களே மிகுதி.