விழாத கோலுக்கு யார் கணக்கு எழுதுவது?

கால்பந்தில் கோல் போட்டவள் பெயர் பேப்பரில் வரும். கோல் விழாமல் தடுத்தவள் பெயர் வராது. அவள் கால் இடறி கோல் விழுந்த அன்றைக்கு மட்டும் தவறாமல் வரும். ஆட்டத்தில் உள்ள சின்னக் குறை என்று இதை விட்டுவிட முடியுமா? எந்த உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது, எது தெரியாமலே போகிறது என்கிற கேள்வி இதற்குள் இருக்கிறது. சேரிக்காரர்களுக்கு அது பழைய கேள்வி.

மணிப்பூரைச் சேர்ந்த ஆஷாலதா தேவி இந்திய அணிக்கு பேக் ஆடியவர். 2018-19இல் மதுரையின் சேது அணிக்கு ஆடினார். அந்தமுறை இந்தியப் பெண்கள் லீக் கோப்பை சேதுவுக்கு வந்தது. நாட்டின் சிறந்த வீராங்கனை விருது அவருக்குக் கிடைத்தது. 2024இல் காத்மாண்டுவில் நடந்த தெற்காசியப் போட்டியில், நூறு சர்வதேச ஆட்டங்கள் ஆடிய முதல் இந்தியப் பெண் ஆனார். அதே போட்டியில் ஃபார்வர்டு பாலா தேவி தன் 50ஆவது சர்வதேச கோலை அடித்தார். பாலா செய்ததைச் சொல்ல ஓர் எண் இருக்கிறது. ஆஷாலதா எத்தனை தடவை களத்தில் நின்றார் என்பதற்கும் எண் இருக்கிறது. நின்று எதைத் தடுத்தார் என்பதை ஸ்கோர் பலகை சொல்லாது.

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி அணியில் நானும் பேக் ஆடியவள்தான். அந்த அணியில் சேரியிலிருந்து வந்த மூணு பேரும் பேக். “வேலை செஞ்ச ஒடம்பு ஒங்களுக்கு, பின்னால நின்னு தாங்குங்கடி” என்றார்கள். பாராட்டாகத்தான் சொன்னார்கள். கம்மாய் மடையைக் காத்த, செத்த மாட்டைத் தூக்கிய எங்க பாட்டன் பூட்டனுக்கும் இதே பாராட்டு கிடைத்திருக்கிறது. மடை உடையாத வருஷம் அவர்கள் பேரை யாரும் சொல்லவில்லை. உடைந்த வருஷம் அடி விழுந்தது.

2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டின் பெருமை என்ன? திருட்டு நடக்காமல் இருப்பதுதான். நடக்காத ஒன்றுக்கு விலை கொடுக்கத் தெரிந்த ஊர் இது. பூட்டுக்குக் கொடுக்கிற மதிப்பை ஆளுக்கு ஏன் கொடுப்பதில்லை?

நம் பெண்களை முன்னால் அனுப்பிவிட்டால் தீர்ந்துவிடுமா? வந்தனா கட்டாரியாவைப் பாருங்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக் ஹாக்கியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் அணி தோற்றதும், ஹரித்வார் பக்கம் ரோஷ்னாபாதில் அவர் வீட்டு முன் வெடி வெடித்தார்கள்; தலித்துகள் அதிகம் சேர்ந்ததால்தான் தோல்வி என்று சாதி சொல்லி ஏசினார்கள் என்று குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். கோல் போட்டவளுக்கும் பழிதான்.

ஆக, நிற்கிற இடத்தை மாற்றுவது மட்டும் போதாது. சாதி வெறும் வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து மேல் கீழாக அடுக்குவது என்று 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் விளக்கினார். கால்பந்தில் இருப்பது வேலைப் பிரிவினை. கார்னர் கிக் வந்தால் பேக் முன்னேறிப் போய் தலையால் முட்டி கோல் போடலாம். ஆபத்து வந்தால் ஃபார்வர்டும் பின்னால் ஓடிவந்து பந்தைப் பிடுங்கியாக வேண்டும். இந்தப் போக்குவரத்து இருக்கிறவரை பேக் ஆடுவதில் இழிவு ஒன்றும் இல்லை. ‘ஒனக்கு அதுதான் லாயக்கு’ என்று பிறப்பைப் பார்த்து இன்னொருத்தர் முடிவு செய்யும்போதுதான் மைதானத்துக்குள் ஊர் நுழைகிறது.

நாம் கேட்க வேண்டியது இரண்டு. எங்கே நிற்பது என்பதில் ஆடுகிறவள் சொல்லுக்கு மதிப்பு வேண்டும். எங்கே நின்றாலும் அவள் உழைப்பு கணக்கில் ஏற வேண்டும். நம் பிள்ளைகள் ஆடும் ஆட்டங்களைப் பற்றி எழுதுகிற மாணவர்களும் தோழர்களும் இதை இப்போதே தொடங்கலாம். ஒண்ணுக்கு சைபர் என்று ஜெயித்தால், அந்த ஒண்ணை அடித்தவளோடு சைபரைக் காத்தவளையும் பேர் சொல்லி எழுதுங்கள்.