வலிமையும் அறமும்

வலிமை தன்னளவில் நன்றோ, தீதோ? இவ்வினா மிகப் பழமையானது. விடை தேடி அற நூல்களை நாடுவதே நம் வழக்கம். எனினும், சிறுவர் விரும்பிப் படிக்கும் படக்கதை வீரன் ஒருவனின் தோற்ற வரலாறும் இவ்வினாவிற்கு ஒளியூட்டுதலை ஈண்டுச் சிந்திப்போம்.

அமெரிக்க நாட்டின் கிளீவ்லாந்து நகரில் ஒரே உயர்நிலைப் பள்ளியில் பயின்ற நண்பர்கள் ஜெர்ரி சீகல், ஜோ சூஸ்டர் என்போர். முன்னவர் கதை புனைவார். பின்னவர் படம் வரைவார். வேலையின்மை அந்நாட்டை வாட்டிய காலம் அது. 1933ஆம் ஆண்டில், 18 வயதே நிரம்பிய இவர்கள் தாமே வெளியிட்ட சிற்றிதழில் 'சூப்பர்மேன்' என்னும் பெயரை ஒரு கதைக்குச் சூட்டினர். வியப்பு யாதெனில், அக்கதையில் வருபவன் கொடியவன்! இலவச ரொட்டிக்கு வரிசையில் நின்ற ஏழை ஒருவனுக்கு விஞ்ஞானி ஒருவர் மருந்தொன்றை ஊட்டுகிறார். பிறர் மனத்தை அறியவும் அடக்கவும் வல்லவனாகும் அவன், உலகையே ஆள விழைகிறான். மருந்தின் ஆற்றல் தீர்ந்ததும் பழைய ரொட்டி வரிசைக்கே மீள்கிறான்.

பின்னர் நண்பர்கள் பெயரை வைத்துக்கொண்டு பண்பை மாற்றினர். 1938இல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் தோன்றிய சூப்பர்மேன் எளியோரின் காவலன். குற்றமற்ற பெண்ணொருத்தியை மரண தண்டனையினின்று மீட்கிறான். மனைவியை அடிக்கும் கணவனைத் தடுக்கிறான். இருவரும் மனிதரை விஞ்சிய ஆற்றலுடையவரே. ஒருவன் தனக்காக அதனைக் கையாண்டான்; மற்றவன் பிறர்க்காகக் கையாண்டான். வகுப்பில் வலிய மாணவன் சிறியோரின் பலகாரத்தைப் பறிப்பதும், அதே மாணவன் சிறியோரைச் சாலை கடத்திவிடுவதும் ஆசிரியப் பணியில் நாம் கண்டவையே. ஆற்றல் ஒரு கருவி. அதனை நன்றாக்குவதும் தீதாக்குவதும் அதனை ஏந்தும் நெஞ்சமே.

அவ்வாறாயின், வலியோரிடம் நன்னெஞ்சம் இல்லாதபோது எளியோர்க்குப் புகலிடம் யாது? இதற்கும் அவ்வரலாறே விடை பகர்கிறது. அவ்வீரனின் உரிமை முழுவதையும் 130 டாலருக்குப் பதிப்பகம் பெற்றுக்கொண்டது. கையொப்பம் இட்டாயிற்று, சட்டம் பதிப்பகத்தின் பக்கமே நின்றது. பெரும்பொருள் ஈட்டித் தந்த வீரனைப் படைத்த இருவரும் 1947இல் வழக்குத் தொடுத்தனர். இழந்த உரிமை மீளவில்லை. கதைகளிலிருந்து அவர்தம் பெயரும் நீக்கப்பட்டது. முதுமையில் சூஸ்டரின் கண்ணொளி மங்கியது. சீகல் எழுத்தராய்ச் சிறுவருவாயில் காலம் கழித்தார். சட்டத்திற்கு உட்பட்டதெல்லாம் அறமாகிவிடுமா? ஆகாது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது.

1975இல் சீகல் தம் குறையை வெளிப்படையாக எழுதி ஊரறியச் செய்தார். ஜெர்ரி ராபின்சன், நீல் ஆடம்ஸ் முதலிய சக ஓவியர்கள் அவர்க்குத் துணைநின்று வாதாடினர். அவ்வாண்டின் இறுதியில் இருவர்க்கும் ஆண்டுதோறும் தலா 20,000 டாலர் வழங்கவும், படைத்தோர் பெயரை மீண்டும் பொறிக்கவும் நிறுவனம் இசைந்தது.

வானில் பறக்கும் வீரன் எவனும் வந்து அம்முதியோரைக் காக்கவில்லை. தூரிகை பிடிக்கும் சாதாரண மனிதர் சிலர், தமக்கு ஆதாயம் இல்லாத ஒன்றிற்காகக் குரல் கொடுத்தனர். அத்தகைய வலிமை நம் ஒவ்வொருவரிடமும் உண்டன்றோ? அதனை யார்பொருட்டுச் செலவிடுகிறோம் என்பதை நாள்தோறும் நம்மை நாமே வினவிக்கொள்வோமாக.