பன்றிக்கு முடி சூட்டியது யார்?

விலங்கைப் பேசவைப்பது குழந்தைக்குக் கதை சொல்லும் உத்தி மட்டும்தானா? அல்ல! கொடுங்கோலனைப் பெயர் சொல்லிச் சாட முடியாதபோது மாந்தர் கண்டெடுத்த படைக்கலம் அது.

ஜார்ஜ் ஆர்வெல் 1945இல் வெளியிட்ட 'விலங்குப் பண்ணை' நாவலை, ஜான் ஹாலஸும் ஜாய் பேட்செலரும் 1954இல் பிரிட்டனில் கார்ட்டூன் படமாக்கினர். ஆண்டானை விரட்டிய விலங்குகளை, அவற்றுள் ஒன்றான நெப்போலியன் என்னும் பன்றியே அடிமைப்படுத்துகிறது. ஓயாது உழைத்த பாக்சர் என்னும் குதிரை, உழைக்க இயலாத நாளில் சாவுக்கு விற்கப்படுகிறது.

பன்றியாய்ப் பிறந்ததாலா இக்கொடுமை? இல்லை! நெப்போலியன் துரத்திய ஸ்நோபாலும் பன்றியே. அதுவோ அனைவர்க்கும் பயன்பட காற்றாலைத் திட்டம் தீட்டியது. குற்றம் பிறவியில் இல்லை. நாய்களை ஏவி, கேள்வி கேட்போரை ஒழித்த அதிகாரத்தில் இருக்கிறது.

நாவலின் முடிவில் பன்றி எது, மனிதன் எது என்று பிரித்தறிய முடியவில்லை. படத்திலோ விலங்குகள் மீண்டும் கிளர்ந்தெழுந்து பன்றிகளை வீழ்த்துகின்றன. எழுச்சி இனிக்கிறது, ஆனால் பழைய ஆண்டானும் புதிய ஆண்டானும் ஒன்றே என்ற குற்றச்சாட்டு எங்கே போயிற்று? படத்திற்கு மறைவாகப் பணம் தந்தது அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. என்பது பின்னாளில் வெளியாயிற்று!

அதனால் படத்தை எரித்துவிடுவதா? வேண்டாம். சொன்னவர் யார் என்பதால் உண்மை பொய்யாகிவிடாது. ஆயின், சொல்லாமல் விடப்பட்டது எது, அதனால் ஆதாயம் யாருக்கு என்று கேட்பது பகுத்தறிவின் கடன்.

திரையிலுள்ள முகமூடியைக் கண்டு கைதட்டும் இளைஞனே, திரைக்குப் பின்னுள்ள முகமூடியையும் கழற்றிப் பார்!